பனிவெளியில் ஒரு பறவை: மோனேயின் ‘லா பி’ ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இம்ப்ரஷனிச நிலக்காட்சிகளை, அதாவது கணத்துக்குக் கணம் மாறும் ஒளியைப் பிடிக்க முயன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்களின் நிலக்காட்சிகளை, பார்க்கத் தொடங்குபவர்களின் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வந்து நிற்கும். இந்தப் படம் என்ன மனநிலையைத் தருகிறது என்பது ஒன்று. இதை எப்படித் தீட்டியிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. புத்தகங்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில் வைத்துவிடுகின்றன. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகவே தெரிகின்றன. அதற்கான காரணத்தைச் சொல்ல நூறு ஓவியங்களைப் புரட்ட வேண்டாம். பல ஆண்டுகளாக நான் திரும்பத் திரும்பப் பார்த்துவரும் ஒரே ஓவியத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எந்த ஓவியம் அது? அதில் என்ன இருக்கிறது?

பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே வரைந்த ‘லா பி’. பிரெஞ்சில் ‘பி’ என்பது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்பை பறவை. கறுப்பும் வெள்ளையுமான உடல், நீண்ட வால். நம் தோப்புகளில் காணும் வால்காக்கைக்கு இது உறவுமுறை. 1868 இறுதியிலிருந்து 1869 தொடக்கம் வரையிலான குளிர்காலத்தில், பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் உள்ள எத்ரெத்தா என்ற ஊருக்கு அருகே மோனே இதை வரைந்தார். கித்தானில் எண்ணெய் வண்ணம். உயரம் 89 செ.மீ., அகலம் 130 செ.மீ. இப்போது பாரிஸ் நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படத்தில் இருப்பவை மிகக் குறைவு. புதிதாகப் பெய்த வெண்பனி. படத்தின் குறுக்கே நீண்டு போகும் ஒரு படல்வேலி. இடப்பக்கம் ஏணியைப் போலக் குறுக்குச் சட்டங்கள் வைத்த ஒரு மரக்கதவு. அதன் மேல் சட்டத்தில் அந்தப் பறவை. வேலிக்கு அப்பால் பனி சுமந்த மரங்களும் அவற்றுக்குப் பின்னால் பனிக்கூரை போட்ட வீடும் தெரிகின்றன. மேலே வெளிறிய வானம். மனிதர் யாரும் இல்லை. சூரியன் வேலிக்குப் பின்புறம் எங்கோ தாழ்வாக இருக்கிறது. அது படத்தில் தெரியாது. வேலியின் நிழல் மட்டும் நம்மை நோக்கி நீண்டு விழுகிறது.

எத்ரெத்தா என்றாலே நினைவுக்கு வருவது கடலுக்குள் வளைவாக இறங்கும் சுண்ணாம்புப் பாறைகள்தான். மோனேயே பின்னாளில் அவற்றைப் பலமுறை வரைந்தார். அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, பாறைகளுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு வேலியை வரைந்திருக்கிறார் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காட்சியின் பிரமாண்டம் அவருக்கு உதவப்போவதில்லை. வெளிச்சத்தை மட்டும் நம்பி இறங்கியிருக்கிறார்.

ஓவியத்துக்கு மனநிலை உண்டு என்பது எப்படி? மனநிலை பார்ப்பவருக்குத்தானே?

உணர்வது நாம்தான். ஆனால் அந்த உணர்வை எழுப்பும் காரணம் கித்தானில் இருக்கிறது. ‘இந்தப் படம் அமைதியாக இருக்கிறது’ என்று சொன்னால் அது தொடக்கம் மட்டுமே. அமைதி எங்கிருந்து வருகிறது என்று அடுத்துக் கேட்க வேண்டும்.

இந்தப் படத்தில் ஏறக்குறைய எல்லாமே படுக்கைவாட்டில் ஓடுகின்றன. வேலி, வேலியின் மேல் படிந்த பனி, முன்னால் விழும் நிழற்பட்டை, அகன்ற கித்தான் எல்லாம் கிடைக்கோடுகள். நிமிர்ந்து நிற்பவை மரங்களும் கதவின் கால்களும்தான். கண் மேலும் கீழும் தாவாமல் பக்கவாட்டில் மெதுவாக நகர்கிறது. அடுத்தது ஒளி அளவு. படத்தின் பெரும்பகுதி வெளிர்நிறங்களால் ஆனது. வெளிச்சம் பட்ட பனிக்கும் நிழலில் கிடக்கும் பனிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைவு, நிற வேறுபாடு அதிகம். கடும் இருளும் கூசும் ஒளியும் மோதிக்கொள்ளும் இடம் அநேகமாக இல்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் ‘அமைதி’ என்று நாம் ஒரு சொல்லில் சொல்வதை உண்டாக்குகின்றன. வேலி நெட்டுக்குத்தாக நம் முன் நின்றிருந்தால், அதே பனியும் அதே பறவையும் வேறொரு படமாகியிருக்கும்.

பனி வெள்ளைதானே? நிழல் ஏன் நீலமாக இருக்கிறது?

இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஒரே ஒரு கேள்விதான் அனுமதி என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலிவான அச்சுப் பிரதியில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது, அந்த நீலத்தை அச்சுக்கோளாறு என்றே எண்ணினேன். நல்ல பிரதி கிடைத்தபோதும் நீலம் அங்கேயே இருந்தது.

முதலில் இயற்பியல். வெயில் படும் இடத்துக்குச் சூரியனின் நேரடி ஒளி வருகிறது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்த ஒளி சற்று மஞ்சளாக இருக்கும். நிழல் விழுந்த இடத்துக்கு அந்த நேரடி ஒளி வருவதில்லை. அங்கே விழுவது வானத்திலிருந்து சிதறி வரும் ஒளி. அது நீலம் கலந்தது. மண்ணும் புல்லும் அந்த நீலத்தைத் தங்கள் நிறத்தில் விழுங்கிவிடும். வெண்பனி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்புவதால், தன்மேல் விழுந்த நீலத்தை ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. பனி பார்க்கக் கிடைக்காதவர்கள் இதைக் காலை வெயிலில் மொட்டை மாடியில் காயும் வெள்ளை வேட்டியில் பார்க்கலாம். வெயில் படும் முகப்பையும் மடிப்புக்குள் இருக்கும் நிழலையும் மாறி மாறிப் பாருங்கள். ‘வேட்டி வெள்ளை’ என்ற அறிவைச் சற்று ஒதுக்கி வைத்தால் மடிப்பில் நீலச் சாயல் தெரியவரும்.

அடுத்தது கண்ணின் பழக்கம். மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல் நிறம் நீலமாகவோ ஊதாவாகவோ தோன்றும். பாரிஸின் கோபலன் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூலில் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மங்கவைக்கிறது என்று கண்டார். அருகருகே நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் விதத்தை 1839ல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். அவருக்கு முன்பே, 1810ல் வெளியான நிறம் பற்றிய தன் நூலில், ஜெர்மானியக் கவிஞர் கதே ஹார்ஸ் மலைப் பனியில் கண்ட ஊதா நிழல்களை விவரித்திருக்கிறார். ஆகவே நீல நிழல் மோனேயின் கற்பனை இல்லை. ஓவியர்கள் பட்டறைக்குள் இருந்து பழுப்பாகவும் கறுப்பாகவும் நிழல் தீட்டிப் பழகியிருந்தார்கள். அவர் வெளியே நின்று கண்ணுக்குத் தெரிந்ததைத் தீட்டினார்.

இப்போது மனநிலைக்கு வருவோம். பழுப்பு நிழல் தீட்டியிருந்தால் வேலிக்கு முன்னால் ஓர் இருண்ட பட்டை கிடந்திருக்கும். ஒளி ‘இல்லாத’ இடம் என்று கண் அதைப் படித்திருக்கும். நீல நிழலோ ஒளி உள்ள இடமாகவே படிக்கப்படுகிறது. அங்கேயும் வெளிச்சம் இருக்கிறது, வேறு வெளிச்சம். அதனால்தான் இந்தப் படத்தில் எந்த மூலையும் இருட்டாகத் தோன்றுவதில்லை. அதே நீலம் குளிரையும் தோலில் உணர்த்துகிறது. குளிரும் வெளிச்சமும் ஒரே நிறத்தில் வந்து சேர்வதுதான் இந்தப் படத்தின் தனிச்சுவை.

அந்த வெள்ளையில் எத்தனை நிறங்கள் இருக்கின்றன?

எண்ண முற்படாதீர்கள். இடம் இடமாகப் பாருங்கள். வேலியின் முகட்டில் சூரியன் தொடும் பனியில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த பாலேட்டு நிறம். நிழலில் நீலமும் ஊதாவும் சாம்பலும். மரக்கிளைகளுக்கு இடையில் வேறொரு மங்கிய வெள்ளை. கலப்பில்லாத தூய வெள்ளை என்று உறுதியாகச் சொல்ல ஓர் இடம் தேடினால் சிரமப்படுவீர்கள்.

தூரிகை வேலையை எப்படிக் கவனிப்பது?

அருகே போனால் (நல்ல பிரதியில் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஓரளவு) தெரிவது இதுதான்: எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தீட்டவில்லை. பனி கனமாகப் படிந்திருக்கும் இடங்களில் வண்ணமும் கனமாகப் படிந்திருக்கிறது. தடிப்பாக இழுத்த வண்ணத்தின் விளிம்பு சற்று மேலெழும்பி நிற்கும். காட்சிக்கூடத்தின் உண்மையான வெளிச்சமும் அந்த விளிம்பில் பட்டுத் தெறிக்கும். பனியின் எடையை வண்ணத்தின் எடையே சொல்லிவிடுகிறது. தொலைவில் மரங்களும் வீடும் இருக்குமிடத்தில் தீட்டல்கள் சிறுத்துத் தளர்ந்து ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. அங்கே கிளை எது, பனி எது, வானம் எது என்று பிரிப்பதில் ஓவியர் அக்கறை காட்டவில்லை. நம் கண்ணும் வெயிலுக்கு எதிரே பார்க்கும்போது அப்படித்தான் பார்க்கிறது.

இதற்குப் பின்னால் கருவிகளின் வரலாறும் இருக்கிறது. 1841ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் எண்ணெய் வண்ணத்தை அடைக்கும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். குழாய் வந்தபின் வண்ணங்களைப் பையில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்குப் போக முடிந்தது. கோபால்ட் நீலம் 1802ல் பிரான்சில் உருவானது. விலை மதிப்புள்ள கல்லை அரைத்து எடுத்த அல்ட்ராமரைன் நீலத்தை ஆலையில் செய்யும் முறையும் 1820களில் அங்கேயே கண்டுபிடிக்கப்பட்டது. நிழல் முழுவதையும் நீலத்தால் நிரப்பும் துணிச்சல், நீலம் மலிவான காலத்தில்தான் வர முடியும். தூரிகையும் மாறியிருந்தது. மயிரைத் தகர வளையத்தில் தட்டையாகப் பிடிக்கவைத்த பிறகு, அகன்று சதுரமாக விழும் தீட்டல் கைக்கு வந்தது.

பறவை எதற்கு? அது ஏதாவது குறியீடா?

ஐரோப்பிய நாட்டுப்புற நம்பிக்கைகளில் மேக்பை திருட்டுப் பறவை, சகுனப் பறவை. இதைத் தெரிந்துகொண்ட உடனேயே ‘இது வரப்போகும் துன்பத்தின் அறிகுறி’ என்று எழுதிவிடுகிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வாசிப்பை ஆதரிக்கும் எதையும் படத்தின் மற்ற பகுதிகளில் நான் காணவில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கட்டைவிரலால் பறவையை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். பிறகு விரலை எடுங்கள். மறைத்தபோது பனி சற்று மங்கலாகி, படம் முழுவதும் ஒரே வெளிறலாகத் தோன்றியிருக்கும். விரலை எடுத்ததும் பனி சட்டென்று வெளுக்கும். படத்தில் மிக அடர்ந்த நிறம் அந்தச் சிறு உடலில்தான் குவிந்திருக்கிறது. மற்ற எல்லா வெள்ளைக்கும் அதுவே அளவுகோல். நடுவில் வைக்காமல் இடப்பக்கம் ஒதுக்கி வைத்திருப்பதால் வலப்பக்கப் பரப்பு இன்னும் அகலமாகிறது.

இன்னொன்றும் உண்டு. பறவை எந்த நொடியும் பறந்துவிடும். சட்டத்தில் அமர்ந்த கணமும் பறக்கப்போகும் கணமும் நமக்குத் தெரியும். வேலியும் வீடும் நாளையும் இருக்கும். அந்தச் சாய்ந்த ஒளி அரைமணியில் மாறிவிடும், பறவை அதற்கும் முன்னால் போய்விடும். நேரம் என்பதை ஓவியத்துக்குள் கொண்டுவர மோனேக்கு ஒரு கடிகாரம் தேவைப்பட்டது. அதை அந்தச் சட்டத்தின் மேல் உட்கார வைத்திருக்கிறார். பறவையை இப்படிப் பார்ப்பதில்தான் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

இது சோகமான படமா? தனிமையைச் சொல்கிறதா?

ஆளில்லாத பனிவெளி, ஒற்றைப் பறவை, எனவே தனிமை. இந்தக் கணக்கு மிக வேகமாகப் போடப்படுகிறது. ‘ஒன்று’ என்ற எண்ணிக்கையே தனிமை ஆகிவிடாது. படத்தில் வேலி இருக்கிறது, கதவு இருக்கிறது, பின்னால் வீடு இருக்கிறது. யாரோ கட்டியவை, யாரோ காலையில் திறக்கப்போகிறவை. சூரியன் நமக்கு எதிரே இருப்பதால் நாம் பார்க்கும் திசையிலிருந்துதான் வெளிச்சம் வருகிறது. கைவிடப்பட்ட இடத்தை வரைபவர் வெளிச்சத்தை அந்தப் பக்கம் வைப்பாரா? நான் இதில் காண்பது நிறைந்த அமைதி. சத்தம் பனியில் அமுங்கிப்போன ஒரு பொழுது.

மோனேயின் அப்போதைய வாழ்க்கை நிலை இதில் தெரிகிறதா?

தெரிந்துகொள்வது நல்லது, அதிலிருந்து தொடங்குவதுதான் ஆபத்து. 1868 ஜூன் மாத இறுதியில் மோனே தன் ஓவிய நண்பர் பஸீலுக்கு ஒரு கடிதம் எழுதினார். கையில் காசில்லை. முந்தைய நாள் மனமுடைந்து நீரில் குதித்துவிட்டதாகவும், நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை என்றும் அதில் இருக்கிறது. அதே ஆண்டு லெ ஆவ்ர் நகரைச் சேர்ந்த கோடிபேர் என்ற செல்வந்தர் அவருக்கு உதவ முன்வந்தார். குளிர்காலத்தில் மோனே எத்ரெத்தாவில் தன் துணைவி கமீலோடும், முந்தைய ஆண்டு பிறந்த மகன் ழானோடும் குடியிருந்தார். டிசம்பரில் அதே பஸீலுக்கு எழுதிய கடிதத்தில் குரல் அடியோடு மாறியிருக்கிறது. வீட்டில் கணப்பு எரிகிறது, குடும்பம் பக்கத்தில் இருக்கிறது, வெளியே போய் வரைகிறேன், நிறைவாக இருக்கிறேன் என்கிறார்.

ஆறு மாத இடைவெளியில் இரண்டு கடிதங்கள். ஜூன் கடிதத்தை மட்டும் படித்தவர் இந்தப் படத்தில் துயரத்தைக் காண்பார். டிசம்பர் கடிதத்தை மட்டும் படித்தவர் மனநிறைவைக் காண்பார். இரண்டு பேருமே படத்தைப் பார்க்கும் முன்பே முடிவுக்கு வந்துவிட்டவர்கள். கித்தானில் கண்டதைக் கடிதம் உறுதிப்படுத்தினால் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்ளலாம். டிசம்பர் கடிதம் அப்படித்தான் எனக்குத் துணை நிற்கிறது.

தமிழ் வாசகர்கள் இந்தப் படத்தில் தவறவிடக்கூடியது எது?

‘பனி’ என்ற சொல். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியல். எதிரில் வருபவர் முகம் தெரியாத மூட்டம், இலையில் துளி, ஈரமான மண். அந்த நினைவோடு வருபவர்கள் ‘பனிமூட்டமான கனவுலகம்’ என்று இந்தப் படத்தைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். படத்தில் மூட்டமே இல்லை. காற்று துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. நிழல்களின் விளிம்பு அந்த அளவுக்குத் தெளிவாகத் தெரிவதே அதற்குச் சான்று. மூட்டத்தில் நிழல் ஏது? எனவே இங்கே ‘வெண்பனி’ என்றே சொல்லிப் பழகுவது நல்லது.

ஐந்திணை மரபை வைத்துப் படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நிலமும் பொழுதும் உணர்வும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்ற அளவில் அது நல்ல தயாரிப்பு. ஆனால் திணையில் ஓர் உடன்பாடு முன்பே இருக்கிறது. காடும் கார்காலமும் மாலையும் வந்தால் காத்திருத்தல் என்று பாடுபவருக்கும் கேட்பவருக்கும் தெரியும். மோனேக்கும் அவர் பார்வையாளர்களுக்கும் இடையில் அத்தகைய உடன்பாடு எதுவும் இல்லை. வெண்பனிக்கு இன்ன உணர்வு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அந்தக் குறிப்பிட்ட நாளின் ஒளியிலிருந்து அவர் அதைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

அக்காலத்தில் இந்த ஓவியம் வரவேற்பைப் பெற்றதா?

இல்லை. பாரிஸில் அரசு ஆதரவில் நடந்த சலோன் கண்காட்சிதான் அன்று ஓவியர்களின் வாழ்வை முடிவு செய்யும் இடம். 1869ஆம் ஆண்டு சலோனுக்கு மோனே இதை அனுப்பினார். நடுவர் குழு ஏற்கவில்லை. கதை சொல்லும் மனிதர் இல்லை, வழவழப்பாக முடித்த பரப்பு இல்லை, நிழல்கள் நீலம். அன்றைய சலோன் சுவைக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இருந்திருக்காது. 1984ல்தான் இது பிரான்ஸ் நாட்டின் பொதுச் சேகரிப்புக்குள் வந்தது. ஒரு பழைய ரயில் நிலையத்தைப் புதுப்பித்து ஓர்சே அருங்காட்சியகத்தைத் திறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

‘இம்ப்ரஷனிசம்’ என்ற பெயரே 1874ல்தானே வந்தது? இதை எப்படி அந்த வகையில் சேர்க்கலாம்?

பெயர் 1874 ஏப்ரலில் பாரிஸில் நடந்த குழுக் கண்காட்சியை ஒட்டி வந்தது உண்மை. லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் கேலியாக எழுதிய கட்டுரையால் அது பரவியது. அதே மாதம் கஸ்தஞாரி என்ற விமர்சகர் அதை மரியாதையோடு விளக்கினார். இவர்கள் நிலக்காட்சியைத் தருவதில்லை, நிலக்காட்சி எழுப்பும் உணர்வைத் தருகிறார்கள் என்பது அவர் கருத்து. பெயருக்கு ஐந்தாண்டுகள் முன்பே ‘லா பி’ அந்த விளக்கத்துக்குப் பொருந்தி நிற்கிறது.

முழுவதும் வெளியே நின்றுதான் வரைந்தாரா?

பனியில் நின்று வரையும் பழக்கம் அவருக்கு இருந்தது. முந்தைய ஒரு குளிர்காலத்தில் அவரைக் கண்ட லெ ஆவ்ர் பத்திரிகையாளர் ஒருவர் அந்தக் காட்சியை 1868ல் எழுதியிருக்கிறார். கல்லும் பிளக்கும் குளிர். முதலில் கண்ணில் பட்டது காலுக்குச் சூடேற்றும் ஒரு கணப்பு, பிறகு கித்தானைத் தாங்கும் ஓவியத் தாங்கி, பிறகு மூன்று மேல்கோட்டுகளுக்குள் பொதிந்திருந்த ஒரு மனிதர். கைகளில் உறை, முகம் பாதி உறைந்திருந்தது. அவர்தான் மோனே. பின்னாளில், 1885 நவம்பரில், இதே எத்ரெத்தா கடற்கரையில் அலை ஒன்று அவரை ஓவியத் தாங்கியோடு சேர்த்து அடித்துத் தள்ளியதும் உண்டு.

ஆனால் ‘வெளியே வரைந்தார்’ என்பதற்கு ‘ஒரே அமர்வில் முடித்தார்’ என்று பொருள் கொள்ளாதீர்கள். 130 செ.மீ. அகலமுள்ள கித்தான் இது. எண்ணெய் வண்ணம் காற்றோடு வினைபுரிந்துதான் காயும், குளிரில் இன்னும் தாமதமாகும். தடிப்பான தீட்டல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க நாட்கள் தேவை. அவசரமாக வரைந்ததுபோல் தோன்றும் புத்துணர்ச்சி, பொறுமையான உழைப்பின் விளைவாகவும் இருக்கலாம்.

வேறு எந்தப் பனி ஓவியங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்?

மோனேயின் சக இம்ப்ரஷனிச ஓவியர் கமீ பிஸாரோவின் ‘உறைபனி’ (1873) முதல் துணை. 1874 கண்காட்சியில் வைக்கப்பட்டது, இதுவும் இப்போது ஓர்சேயில் இருக்கிறது. உழுத வயலில் உறைபனி படிந்திருக்கிறது. விறகு சுமந்து ஒருவர் நடந்து வருகிறார். வயலின் குறுக்கே மரங்களின் நிழல்கள் கிடக்கின்றன, மரங்களோ படத்துக்கு வெளியே. நிழலைத் தனியாக வெட்டி எடுத்து வரையும் தைரியம் இரண்டு படங்களிலும் உண்டு. ஆனால் பிஸாரோவின் மண் கரடுமுரடானது, உழைப்பின் மண். காலை அங்கே ஏற்கெனவே தொடங்கிவிட்டது. லெருவாவின் கேலிக் கட்டுரையில் வரும் பாத்திரம் இந்த வயலைப் பார்த்து, அழுக்குக் கித்தானில் வண்ணப்பலகையைச் சுரண்டிப் போட்டதுபோல் இருக்கிறது என்று சொல்கிறது. திட்டாகச் சொன்ன அந்த வாக்கியம், தீட்டல் முறையைத் துல்லியமாகக் கவனித்திருக்கிறது என்பதே என் எண்ணம்.

அதே குழுவைச் சேர்ந்த அல்ஃப்ரெத் சிஸ்லேயின் பனி ஓவியங்களையும் தேடிப் பாருங்கள். மேகம் மூடிய வானத்தின் கீழ் வரைந்தவற்றில் நிழலே விழாது. எனவே நீலமும் மஞ்சளும் பிரிந்து நிற்பதில்லை, எல்லாம் சாம்பலுக்குள் அடங்கிவிடும். சோகம் என்ற சொல்லைப் பயன்படுத்த விரும்பினால் அங்கே பயன்படுத்தலாம்.

இனி மோனேயையே மோனேயோடு ஒப்பிடுங்கள். 1879 செப்டம்பரில் வெதேய் என்ற ஊரில் கமீல் இறந்தார். அதைத் தொடர்ந்த கடுங்குளிரில் ஸேன் ஆறு உறைந்து, 1880 ஜனவரியில் பனிப்பாளங்கள் உடைந்து மிதந்தன. அதை அவர் பல கித்தான்களில் வரைந்தார். உடைந்த பாளங்கள், அவற்றுக்கு இடையே இருண்ட நீர், கரையில் நெட்டையான வெற்று மரங்கள். ‘லா பி’யில் முழுமையாகக் கிடந்த வெண்மை இங்கே துண்டுதுண்டாகியிருக்கிறது. வாழ்க்கை வரலாறு தெரியாதவருக்கும் இந்த வேறுபாடு தெரியும் என்பதுதான் முக்கியம்.

கைபேசித் திரையில் பார்த்தால் போதுமா?

தொடங்கப் போதும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒரே ஓவியத்தின் பிரதிகள் ஒன்றில் நீலம் தூக்கலாகவும் இன்னொன்றில் மஞ்சள் தூக்கலாகவும் இருக்கும். அருங்காட்சியகமே வெளியிடும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் மஞ்சளாக்கும் திரை அமைப்பை அணைத்துவிடுங்கள், நீல நிழலைக் கொல்ல அது ஒன்றே போதும். வண்ணத்தின் தடிப்பு திரையில் வராது.

திரையால் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியமும் இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வேலி, கதவு, பறவை எல்லாம் இருக்கும். குளிரும் வெயிலும் மட்டும் காணாமல் போய்விடும். அவை நிறத்தால் மட்டுமே சொல்லப்பட்டவை என்பது அப்போது புரியும்.

வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

பத்து நிமிடம் எதையும் எழுதாமல் பார்ப்பதில் தொடங்குங்கள். பிறகு ஓர் உணர்வுச் சொல்லை எழுதி, அதற்கு எதிரே படத்தில் அதற்குக் காரணமான இடத்தைக் குறியுங்கள். காரணம் கிடைக்காத சொல்லை அடித்துவிடுங்கள்.

‘மோனே பனியின் எழிலை மிக அற்புதமாக வரைந்துள்ளார்’ என்ற வாக்கியத்தை எந்தப் பனிப் படத்தின் கீழும் ஒட்டலாம். ‘வேலியின் முகட்டில் மஞ்சள் கலந்த பனியைத் தடிப்பாகவும், அதன் அடியில் நீல நிழலைப் பரப்பியும் வைத்திருப்பதால், வெயில் ஏறத் தொடங்கியும் குளிர் விலகாத ஒரு பொழுது தோன்றுகிறது’ என்ற வாக்கியத்தை இந்தப் படத்தைத் தவிர வேறெங்கும் ஒட்டுவது கடினம். ஆசிரியர் தேடுவது இரண்டாவது வாக்கியத்தைத்தான்.

எனக்கு இந்தப் படம் அமைதியைத் தரவில்லை, ஒரு பதற்றத்தைத் தருகிறது. நான் தவறாகப் பார்க்கிறேனா?

பதற்றத்துக்கும் காரணத்தைக் காட்ட முடிந்தால் தவறில்லை. ஒருவேளை உங்கள் கண் பறவையிடமே தங்கிவிட்டதோ? அது பறந்துவிடுமே என்ற எதிர்பார்ப்பில் நின்றால் படம் முழுவதும் ஒரு மூச்சுப்பிடிப்பாக மாறிவிடும், எனக்கும் சில நாட்களில் அப்படி ஆகியிருக்கிறது. அன்று வலப்பக்கம் வேலியின் வழியே மெதுவாகப் போய், மரங்களுக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் கூரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வருவேன். வரும்போது பறவை அங்கேயேதான் இருக்கும்.